பக்கத்து இருக்கையில் யார்?

கால்பந்து கேள்வி–பதில்

ஒரு பெரிய கிளப்பில் தலைமைப் பயிற்சியாளர் மாறும்போதெல்லாம் அவரோடு வரும் உதவியாளர்களைப் பற்றியும் கடிதங்கள் வருவது வழக்கம். இம்முறை அவை வழக்கத்தைவிட அதிகமாகவும் சற்றுக் கோபமாகவும் இருந்ததால், இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் பல ஆண்டுகளாக ஆதரித்துவரும் ஐரோப்பிய கிளப்புக்குப் புதிய தலைமைப் பயிற்சியாளர் வந்திருக்கிறார். பழைய கிளப்பில் தன்னோடு இருந்தவர்களை அப்படியே அழைத்து வந்துவிட்டார். இங்கே நெடுங்காலம் பணியாற்றியவர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். இது தன்னம்பிக்கையா, அச்சமா? எதை வைத்து இந்தத் தேர்வை மதிப்பிடுவது?
– வாசகர், தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு வந்தவர்களின் பெயர்கள்தான் கண்ணில் படுகின்றன. ஆனால் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, வெளியேறியவர்களோடு சேர்ந்து அந்த கிளப்பிலிருந்து வேறு எது வெளியேறியது என்பதுதான். இதை விளக்க மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பின் 2013-ஆம் ஆண்டுக் கோடையைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1986 நவம்பர் முதல் அந்த அணியை நடத்திய சர் அலெக்ஸ் பெர்குசன், 2013 மே 8 அன்று ஓய்வை அறிவித்தார். அந்த சீசனில் 89 புள்ளிகளுடன், இரண்டாம் இடத்து அணியைவிட 11 புள்ளிகள் கூடுதலாகப் பெற்று, பிரீமியர் லீக் பட்டத்தை வென்றிருந்த அணி அது. மறுநாளே எவர்ட்டன் கிளப்பின் மேலாளர் (இங்கிலாந்தில் தலைமைப் பயிற்சியாளரை இப்படி அழைப்பது வழக்கம்) டேவிட் மோயஸ் ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் வாரிசாக அறிவிக்கப்பட்டார். ஜூலை 1 அன்று பொறுப்பேற்ற அவர், எவர்ட்டனில் தன்னோடு பணியாற்றிய ஸ்டீவ் ரவுண்ட், ஜிம்மி லம்ஸ்டன், கோல்கீப்பர் பயிற்சியாளர் கிறிஸ் வுட்ஸ் ஆகிய மூவரையும் உடன் அழைத்துக்கொண்டார். பெர்குசனுக்குத் துணையாக இருந்த மைக் ஃபீலன், முதல் அணியின் பயிற்சியாளர் ரெனே மூலன்ஸ்டீன், கோல்கீப்பர் பயிற்சியாளர் எரிக் ஸ்டீல் ஆகிய மூவரும் வெளியேறினர். மூவர் போய் மூவர் வந்தார்கள். தலைக்கணக்கில் குறை ஒன்றும் இல்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. பெர்குசன் தம் பிற்காலத்தில் அன்றாடப் பயிற்சியைத் தாமே நடத்தியவர் அல்லர். மைதானத்தின் ஓரத்தில் நின்று கவனிப்பதும், யாருடைய முகத்தில் சோர்வு தெரிகிறது, யாருடைய கால் மந்தமாகிறது என்று கணிப்பதும் அவருடைய வேலை. பயிற்சியை நடத்துவது உதவியாளர்களின் வேலை. அப்படிப்பட்ட அமைப்பில் உதவியாளர்களை மாற்றுவது, அலுவலகத்தில் மேலதிகாரியின் உதவியாளரை மாற்றுவது போன்றது அல்ல; பட்டறையையே மாற்றுவது. பட்டம் வென்ற ஒரு கூட்டம் ஆட்டக்காரர்கள் திங்கள்கிழமை காலையில் பயிற்சிக்கு வந்தபோது, அவர்களுக்குத் தெரிந்த தலைவரும் இல்லை, பயிற்சி தந்த கைகளும் இல்லை. ரயன் கிக்ஸை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் மோயஸ் வைத்துக்கொண்டார். அந்த கிளப்பிலேயே வளர்ந்த ஃபில் நெவிலையும் சேர்த்துக்கொண்டார். எனவே பழைய வீட்டை அறிந்த எவருமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் இருவரும் அந்த வீட்டை ஆட்டக்காரர்களாக அறிந்தவர்கள். ஒரு வாரத்தின் பயிற்சியை எப்படித் திட்டமிடுவது, எந்த மூத்த வீரருக்கு எந்த நாளில் ஓய்வு கொடுப்பது, யாரிடம் எதைச் சொல்லாமல் விடுவது என்பன போன்ற சமையலறை ரகசியங்கள் ஃபீலனோடும் மூலன்ஸ்டீனோடும் வாசலைத் தாண்டிவிட்டன. ஃபீலனை வைத்துக்கொண்டிருந்தால் மோயஸுக்குப் பெரிய துணையாக இருந்திருக்கும் என்பது பெர்குசனின் கருத்தாகவும் பின்னர் வெளிப்பட்டது.

முடிவு எல்லோருக்கும் தெரியும். 2014 ஏப்ரல் 20 அன்று, எல்லா இடங்களையும் விட்டு, எவர்ட்டனின் மைதானத்திலேயே 2–0 என்று தோற்ற அணியின் மேலாளர் இரண்டு நாள் கழித்து நீக்கப்பட்டார். யுனைடெட் அந்த சீசனை 64 புள்ளிகளுடன் ஏழாம் இடத்தில் முடித்தது. இதற்கெல்லாம் உதவியாளர் தேர்வு மட்டுமே காரணம் என்று நான் எழுதினால் அது அநியாயம். பால் ஸ்கோல்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார். ஃபெர்டினாண்ட், விடிச், எவ்ரா ஆகியோரைக் கொண்ட தற்காப்பு வரிசைக்கு வயதாகிவிட்டது. வீரர்களை வாங்குவதிலும் விற்பதிலும் கைதேர்ந்த தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் அதே கோடையில் பதவியை விட்டு விலகினார். ஆனால் என் வாதத்துக்கு இந்தக் கடைசிச் செய்திதான் வலுச் சேர்க்கிறது. தலைவரும் நிர்வாகியும் ஒரே நேரத்தில் போகிற வீட்டில், மூன்றாவதாகப் பயிற்சிக் குழுவையும் மாற்றுவது, அந்த வீட்டின் நினைவையே கழுவித் துடைப்பதாகும். மோயஸ் தேர்ந்தெடுத்தவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். அதே ஸ்டீவ் ரவுண்ட் 2019 டிசம்பரில் ஆர்சனலில் மிகெல் ஆர்தேத்தாவின் உதவியாளர்களில் ஒருவராகச் சேர்ந்தார். அடுத்த ஆகஸ்டில் அந்த அணி எஃப்.ஏ. கோப்பையை வென்றது. ஆள் நல்லவர், இடமும் நேரமும் பொருந்தவில்லை.

இனி மறுபக்கம். 2024 கோடையில் லிவர்பூல் கிளப்பில் யூர்கன் க்ளாப்புக்குப் பதிலாக வந்த ஆர்னே ஸ்லாட்டும் ஏறக்குறைய இதே காரியத்தைத்தான் செய்தார். க்ளாப்போடு அவருடைய நெருங்கிய உதவியாளர்களான பெப் லைண்டர்ஸும் பீட்டர் கிராவியட்ஸும் கிளம்பிவிட்டார்கள். ஸ்லாட் தன்னுடைய பழைய கிளப்பான ஃபெயனோர்டிலிருந்து சிப்கே ஹுல்ஷொஃபையும் உடற்திறன் பயிற்சியாளர் ரூபன் பீட்டர்ஸையும் அழைத்து வந்தார். நீங்கள் குறிப்பிடும் படம் அப்படியே பொருந்துகிறது. ஆனால் அந்த அணி 2025 ஏப்ரல் 27 அன்று, இன்னும் நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே, டாட்டன்ஹாமை 5–1 என்று வென்று இருபதாவது முறையாக இங்கிலாந்தின் சாம்பியன் ஆனது.

அப்படியானால் வேறுபாடு எங்கே? ஸ்லாட்டின் மூன்றாவது தேர்வைக் கவனியுங்கள். ஜான் ஹைட்டிங்கா அவருடைய பழைய கிளப்பைச் சேர்ந்தவர் அல்லர். நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பில் இடைக்காலத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர், ஆட்டக்காரராக எவர்ட்டனில் பல சீசன்கள் கழித்தவர், அதற்கு முந்தைய ஆண்டுதான் வெஸ்ட் ஹாம் அணியின் பயிற்சிக் குழுவில் பணியாற்றியவர். (வெஸ்ட் ஹாமில் அவரை அமர்த்திக்கொண்ட மேலாளர் அதே டேவிட் மோயஸ்தான் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க மனம் வரவில்லை.) இங்கிலாந்தில் ஒரு நாள்கூடப் பயிற்சியாளராக இருந்திராத ஸ்லாட், தனக்குத் தெரியாதது எது என்பதைத் தெரிந்துவைத்திருந்தார், அந்த ஓட்டையை அடைக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்தார். தவிர, அவர் க்ளாப்பின் ஆட்டமுறையைத் தலைகீழாகப் புரட்டவில்லை. அந்தக் கோடையில் கோல்கீப்பர் அல்லாத ஆட்டக்காரர் ஒருவரை மட்டுமே அணிக்குப் புதிதாகச் சேர்த்தார். எனவே வீட்டின் நினைவு பயிற்சியாளர்களிடம் இல்லாவிட்டாலும் வீரர்களின் கால்களில் இருந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பழகியவர்களை அழைத்து வருவதை நான் குற்றமாகக் கருதவில்லை. புதிய ஊரில், புதிய மொழியில், வாரம் இரண்டு ஆட்டங்கள் ஆடவேண்டிய நெருக்கடியில், பாதி வாக்கியத்திலேயே தன்னைப் புரிந்துகொள்ளும் ஒருவர் பக்கத்தில் இருப்பது ஆடம்பரம் அல்ல. ஆனால் வந்தவர்களின் பட்டியலில் ஒருவராவது தலைமைப் பயிற்சியாளரிடம் இல்லாத ஒன்றைக் கொண்டுவருகிறாரா என்று பாருங்கள். அந்த நாட்டு லீக்கின் அனுபவமாக இருக்கலாம், தற்காப்பை ஒழுங்குபடுத்தும் திறமையாக இருக்கலாம், இளம் வீரர்களோடு பழகும் பக்குவமாக இருக்கலாம். அப்படி ஒருவர்கூட இல்லாமல், எல்லோரும் அவருடைய நிழல்களாகவே இருந்தால், உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: பெயர் பெற்ற முன்னாள் வீரர்களை உதவியாளர்களாக அமர்த்துவது வெறும் அலங்காரம்தானே? பயிற்சியாளர் வேலை வேறு, ஆடிய காலத்துப் புகழ் வேறு.
– வாசகர், மதுரை

பதில்: நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி, ஆனால் அர்ஜென்டினா உங்களை மறுக்கிறது. 2018 உலகக் கோப்பையில் அந்த அணி நொறுங்கிய பிறகு, அதே தோல்வியுற்ற குழுவில் உதவியாளராக இருந்த லியோனெல் ஸ்கலோனியிடம் பொறுப்பு தற்காலிகமாகத் தரப்பட்டது. மூத்தவர்களின் அணி எதையும் அவர் அதுவரை தலைமையேற்று நடத்தியதில்லை. தேசிய அணிக்காக ஆடியதும் வெறும் ஏழு ஆட்டங்கள். அவர் தேர்ந்தெடுத்த உதவியாளர்களோ பாப்லோ அய்மார், வால்ட்டர் சாமுவேல், ரொபெர்த்தோ அயாலா. மூவரும் ஆட்டக்காரர்களாக அவரைவிடப் பெரிய பெயர் எடுத்தவர்கள். அயாலா மட்டுமே தேசிய அணிக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடியவர். அனுபவமற்ற ஒருவர் தன்னைச் சுற்றி நண்பர்களை உட்காரவைத்துக்கொண்டார் என்று அப்போது எழுதியவர்களில் நானும் மனத்தளவில் ஒருவன்.

நான் கவனிக்கத் தவறியது இது: தன்னைவிட உயரமானவர்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள ஒரு புதிய பயிற்சியாளருக்குத் துணிச்சல் வேண்டும். தவிர, மெஸ்ஸி என்ற ஒரு மலை அந்த ஓய்வறையில் இருந்தது. அவரிடம் தயங்காமல் பேசக்கூடியவர் யார் என்பது சாதாரணக் கேள்வி அல்ல. மெஸ்ஸி சிறுவயதில் தன் ஆதர்ச ஆட்டக்காரராகக் கொண்டிருந்தவர் அய்மார். 2022 நவம்பர் 26 அன்று, தோற்றால் வெளியேற வேண்டும் என்ற நிலையில் மெக்சிகோவுக்கு எதிராக மெஸ்ஸி கோல் அடித்தபோது, தொலைக்காட்சிக் கேமரா பெஞ்சில் உணர்ச்சிவசப்பட்டு உடைந்துபோன அய்மாரைக் காட்டியது. அந்தக் குழு 2021-இல் தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோப்பா அமெரிக்காவையும், 2022-இல் உலகக் கோப்பையையும், 2024-இல் மீண்டும் கோப்பா அமெரிக்காவையும் வென்றது. சாமுவேலும் அயாலாவும் தடுப்பாட்டக்காரர்கள், அய்மார் கற்பனை மிக்க நடுக்கள ஆட்டக்காரர். எனவே புகழுக்காக மட்டும் சேர்த்த கூட்டம் என்று அதைச் சொல்ல முடியாது.

இதற்கு நேரெதிரான ஓர் உதாரணமும் உண்டு. 2004-இல் ஜெர்மனியின் பொறுப்பை ஏற்ற யூர்கன் கிளின்ஸ்மன் உலகறிந்த நட்சத்திரம். ஆனால் அதற்குமுன் எந்த அணிக்கும் பயிற்சி தந்ததில்லை. அவர் தேர்ந்தெடுத்த யோஆகிம் லொவ் ஆட்டக்காரராகச் சாதாரணமானவர். பயிற்சியாளராக ஸ்டுட்கார்ட் அணிக்கு 1997-இல் ஜெர்மன் கோப்பையையும், இன்ஸ்ப்ரூக் அணிக்கு 2002-இல் ஆஸ்திரிய லீக்கையும் வென்று தந்தவர். அதாவது நட்சத்திரம் முன்னால் நின்றது, தொழில் தெரிந்தவர் பின்னால் நின்றார். 2006 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பெற்றபின் கிளின்ஸ்மன் விலகினார், லொவ் பொறுப்பேற்றார், ஹான்சி ஃபிலிக்கைத் தன் உதவியாளராக அமர்த்திக்கொண்டார், 2014-இல் ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றது. ஸ்கலோனிக்கு இல்லாதது புகழ், கிளின்ஸ்மனுக்கு இல்லாதது அனுபவம். இருவரும் தம்மிடம் இல்லாததைத்தான் வாங்கினார்கள். உங்கள் கேள்வியில் உள்ள ‘அலங்காரம்’ என்ற சொல், ஏற்கெனவே இருப்பதையே இன்னொரு முறை வாங்குகிறவர்களுக்குத்தான் பொருந்தும்.

கேள்வி: உதவிப் பயிற்சியாளர் ஒருவர் போனதும் அணி சரிந்துவிடுகிறது என்கிறார்களே, அது உண்மையா, அல்லது தோல்விக்குச் சொல்லும் சாக்கா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இரண்டும் உண்டு. உண்மையான உதாரணத்தை முதலில் சொல்கிறேன். பிரையன் கிளஃப், பீட்டர் டெய்லர் என்ற இரட்டையர் 1972-இல் டார்பி கவுன்டியை இங்கிலாந்தின் சாம்பியன் ஆக்கினார்கள். 1974-இல் கிளஃப் அப்போதைய சாம்பியனான லீட்ஸ் யுனைடெட்டின் பொறுப்பை ஏற்றபோது டெய்லர் உடன் செல்லாமல் பிரைட்டனிலேயே தங்கிவிட்டார். கிளஃப் அங்கே நீடித்தது 44 நாட்கள். லீக்கில் ஆறு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. பின்னர் இரண்டாம் பிரிவில் இருந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டில் கிளஃப் தனியாக ஒன்றரை ஆண்டு போராடியபோதும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1976 ஜூலையில் டெய்லர் வந்து சேர்ந்தார். 1977-இல் முதல் பிரிவுக்கு உயர்வு, 1978-இல் லீக் பட்டம், 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பை.

டெய்லர் செய்தது என்ன என்பதுதான் முக்கியம். பயிற்சி மைதானத்தில் விசில் ஊதியவர் அல்லர் அவர். ஓர் ஆட்டக்காரரைப் பார்த்தவுடன் அவர் எதற்குப் பயன்படுவார், எங்கே உடைவார் என்று கணிக்கும் கண் அவருக்கு இருந்தது. கிளஃபின் கோபம் எல்லை மீறும்போது இடித்துரைக்கவும், சிரிக்கவைத்து அடக்கவும் அவரால் முடிந்தது. லீட்ஸில் கிளஃப் முதல் நாளிலிருந்தே மூத்த வீரர்களைப் பகைத்துக்கொண்டார்; போதும் என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் அங்கே இல்லை. 

பார்சலோனாவில் ஃபிராங்க் ரைகார்டின் கதையும் இதைப் போன்றதுதான். மென்மையான சுபாவம் கொண்ட ரைகார்டுக்குப் பக்கத்தில் கண்டிப்பான ஹெங்க் டென் காட்டெ இருந்தவரை, 2005-லும் 2006-லும் ஸ்பெயின் லீக், 2006-இல் சாம்பியன்ஸ் லீக். அந்தக் கோடையில் டென் காட்டெ அயாக்ஸின் தலைமைப் பொறுப்புக்குச் சென்றார். அடுத்த ஆண்டு ரியல் மாட்ரிட்டோடு சமப் புள்ளிகள் பெற்றும் பட்டம் நழுவியது, அதற்கடுத்த ஆண்டு மூன்றாம் இடம், ரைகார்ட் விடைபெற்றார். அந்த ஓய்வறையில் ஒழுங்கு தளர்ந்தது என்ற பேச்சு அப்போது பரவலாக இருந்தது. ரொனால்டினோவின் ஆட்டம் அந்த இரண்டு ஆண்டுகளில் மங்கியதை நாமே கண்டோம்.

இனி சாக்கு. க்ளாப்போடு ஜெர்மனியின் மைன்ஸ் கிளப் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த ஷெல்கோ புவாச், ‘மூளை’ என்றே செல்லப்பெயர் பெற்றவர். அவர் 2018 ஏப்ரலில், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் நடுவே, லிவர்பூலை விட்டு விலகினார். மூளை போய்விட்டது, இனி அவ்வளவுதான் என்று எழுதாதவர் இல்லை. லிவர்பூல் அந்த இறுதிப் போட்டிக்குச் சென்றது; அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக்கை வென்றது; 2020-இல் முப்பது ஆண்டு காத்திருப்புக்குப் பின் லீக்கையும் வென்றது. க்ளாப் அந்த இடத்தை ஒருவரைக்கொண்டு நிரப்பாமல், லைண்டர்ஸ், கிராவியட்ஸ் இருவருக்கும் வேலையைப் பிரித்துக்கொடுத்தார். எனவே ஒரு மனிதர் போவது ஆபத்தல்ல. அவர் செய்த வேலையை எவரும் செய்யாமல் விடுவதுதான் ஆபத்து. மேலே சொன்ன ஃபீலன்கூட 2018 டிசம்பரில் இடைக்கால மேலாளராக வந்த ஒலே குன்னார் சோல்ஷாருக்குத் துணையாக யுனைடெட்டுக்குத் திரும்பினார். முதல் 19 ஆட்டங்களில் 14 வெற்றிகள் கிடைத்தன. ஆனாலும் சோல்ஷாரின் காலம் 2021 நவம்பரில் கோப்பை எதுவும் இல்லாமலே முடிந்தது. பழைய வீட்டின் சாவி ஒருவரிடம் இருப்பதாலேயே கதவு திறந்துவிடுவதில்லை.

கேள்வி: கார்னர் அடிப்பதற்கெல்லாம் தனிப் பயிற்சியாளரா? காசு மிகுந்துபோன கிளப்புகளின் வேடிக்கை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. 2018-இல் லிவர்பூல், கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் உள்ளே எறியும் த்ரோ-இன்னுக்கென்றே டென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் குரொன்னமார்க்கை அமர்த்தியபோது முன்னாள் வீரர்கள் சிலர் தொலைக்காட்சியில் சிரித்தார்கள். ஆனால் கணக்கு எளிது: தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் எதிரணியின் அசைவைக் கட்டுப்படுத்த முடியாது, பந்து நின்றுவிட்ட தருணத்தில் மட்டும்தான் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து ஒத்திகை பார்க்க முடியும். பிரென்ட்ஃபோர்ட், மான்செஸ்டர் சிட்டி ஆகிய அணிகளில் இதையே தொழிலாகக் கொண்டிருந்த நிக்கோலா ஜோவேரை 2021-இல் ஆர்தேத்தா ஆர்சனலுக்கு அழைத்துக்கொண்டார். அதன்பின் ஆர்சனலின் கார்னர் என்றாலே எதிரணி கோல்கீப்பர்கள் பதறும் நிலை வந்தது. சிட்டியில் ஆர்தேத்தாவே உதவியாளராக இருந்த 2019-இல்தான் ஜோவேர் அங்கே வந்தார் என்பதைக் கவனியுங்கள். பக்கத்து மேசையில் வேலை பார்த்தவரின் திறமையை நேரில் கண்டு தேர்ந்தெடுத்தது அது. இதுவும் ‘தெரிந்தவரை அழைத்தல்’ வகைதான், ஆனால் மிக நல்ல வகை.

கேள்வி: உதவியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பயிற்சியாளருக்கு இருக்க வேண்டுமா, கிளப்புக்கா? ஏற்கெனவே இருந்தவரை வைத்துக்கொள்ளுமாறு வற்புறுத்துவது நியாயமா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: பதில் சொல்லவேண்டியவர் யாரோ அவருக்கே முதல் உரிமை. தோற்றால் பதவி போவது தலைமைப் பயிற்சியாளருக்கு. எனவே பக்கத்தில் யார் இருப்பது என்பதில் அவருடைய சொல்லே கடைசியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. 2004-இல் கிளின்ஸ்மன், ஜெர்மனியின் தெய்வமாகக் கருதப்பட்ட கோல்கீப்பர் பயிற்சியாளர் செப் மையரை நீக்கிவிட்டு ஆந்த்ரியாஸ் கொப்கேயை அமர்த்தினார். ஆலிவர் கான், யென்ஸ் லேமன் இருவருக்கும் இடையே போட்டி நடந்துகொண்டிருந்த வேளையில் மையர் கானுக்கு ஆதரவாக வெளிப்படையாகப் பேசிவந்தார். தேர்வுக் குழுவின் உள்ளிருந்தே ஒரு கட்சி பேசுகிறவரோடு எந்தத் தலைவராலும் வேலை செய்ய முடியாது. ஏச்சும் பேச்சும் வந்தன, கிளின்ஸ்மன் அசையவில்லை, உலகக் கோப்பையில் லேமன்தான் ஆடினார்.

2024 நவம்பரில் ரூபன் அமோரிம் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தபோது நடந்தது இதைவிடச் சிக்கலானது. இடைக்காலத்தில் நான்கு ஆட்டங்களை நடத்தி மூன்றில் வென்று, ஒன்றைச் சமன் செய்து, மைதானம் முழுவதும் கைதட்டல் பெற்றிருந்த ரூட் வான் நிஸ்டல்ரூயை அமோரிம் வைத்துக்கொள்ளவில்லை. ரசிகர்கள் வருந்தினார்கள். நான் அமோரிமின் பக்கம்தான் நின்றேன்: போன வாரம்வரை தலைமை இருக்கையில் அமர்ந்திருந்தவரை இந்த வாரம் பக்கத்து இருக்கையில் அமர்த்தினால், முதல் தோல்வியிலேயே எல்லோருடைய கண்ணும் அவரை நோக்கித்தான் திரும்பும், அது இருவருக்குமே நல்லதல்ல. என் தயக்கம் வேறு. அமோரிமோடு வந்த ஐவருமே அவருடைய முந்தைய கிளப்பான ஸ்போர்ட்டிங்கைச் சேர்ந்தவர்கள். மூன்று மையத் தடுப்பாளர்களைக் கொண்ட அவருடைய ஆட்டமுறையில் ஊறியவர்கள். சீசனின் நடுவில், அந்த முறைக்குப் பழக்கமில்லாத வீரர்களைக் கொண்டு அதையே ஆடுவதா, சில மாதங்கள் பொறுப்பதா என்ற விவாதம் அந்தக் குழுவுக்குள் எழுந்திருந்தால், எதிர்த்தரப்பில் யார் பேசியிருப்பார்கள்? அணி அந்த சீசனை 42 புள்ளிகளுடன் 15-ஆம் இடத்தில் முடித்தது. வீரர்களின் தரம், காயங்கள், நிர்வாகக் குழப்பம் என்று அதற்குக் காரணங்கள் ஏராளம். ஆனாலும் அந்த ஐந்து நாற்காலிகளில் ஒன்றை வேறு வழியில் வந்தவருக்குக் கொடுத்திருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

கேள்வி: உதவியாளர்கள் செய்யும் வேலை மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கிறது. தொலைக்காட்சியில் மட்டுமே ஆட்டம் பார்க்கும் என்னைப் போன்றவர்கள் எதைக் கொண்டு மதிப்பிடுவது? எத்தனை மாதம் பொறுப்பது?
– வாசகர், திருச்சி

பதில்: கொஞ்சம் தெரியும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே கோட்டருகே நின்று ஆட்டக்காரர்களுக்கு உத்திகளைச் சொல்லலாம் என்பது விதி. எனவே கார்னர் கிடைத்தவுடன் தலைமைப் பயிற்சியாளர் பின்வாங்கி இன்னொருவர் முன்னே வருகிறாரா என்று பாருங்கள். வந்தால், பொறுப்பு உண்மையாகவே பகிர்ந்துகொடுக்கப்பட்டிருக்கிறது. மாற்று ஆட்டக்காரர் களமிறங்கும் முன் பலகையை விரித்துக் காட்டுகிறவர் யார், இடைவேளைக்குப் பின் அணி வேறு வடிவத்தில் வருகிறதா, நவம்பர் மாதத்துக்குள் தசைக் காயங்களால் எத்தனை பேர் படுத்தார்கள் என்பவையும் கண்ணுக்குத் தெரிபவைதான். கடைசியாகச் சொன்னது உடற்திறன் பயிற்சியாளரின் மதிப்பெண் பட்டியல். ஆனால் முந்தைய ஆண்டின் சுமையும் அதில் சேர்ந்திருக்கும் என்பதால், முதல் சீசனில் அவரைத் தூக்கிலிட வேண்டாம். பொதுவாக, முதல் ஆறு மாதத்தில் தலைமைப் பயிற்சியாளரைக் கூட ஓரளவு மதிப்பிடலாம். உதவியாளர்களை மதிப்பிட ஒரு முழு சீசனும் அதற்கடுத்த கோடைப் பயிற்சியும் தேவை.

இன்னொரு வழியும் உண்டு, அது தாமதமாகத்தான் பயன் தரும். உள்ளே இருப்பவர்களின் மதிப்பை நம்மைவிட முன்பே மற்ற கிளப்புகள் அறிந்துவிடுகின்றன. யாரை யார் கொத்திக்கொண்டு போகிறார்கள் என்று கவனியுங்கள். மான்செஸ்டர் சிட்டியின் மேலாளராக இருந்த குவார்டியோலாவின் பக்கத்திலிருந்து ஆர்தேத்தாவை ஆர்சனல் அழைத்தது. ஸ்லாட்டின் பக்கத்திலிருந்து ஹைட்டிங்காவை ஒரே ஆண்டில் அயாக்ஸ் அழைத்தது. ஹைட்டிங்கா அங்கே நிலைக்கவில்லை, சில மாதங்களில் நீக்கப்பட்டார். நல்ல இரண்டாமவர் எல்லோரும் நல்ல முதலாமவர் ஆவதில்லை, ஆகவேண்டிய கட்டாயமும் இல்லை.

தோற்ற அணியிலும் நல்ல உதவியாளர் இருக்கலாம் என்பதற்குச் சோல்ஷாரின் குழுவையே மீண்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் குழு கலைந்தபோது எல்லாப் பழியும் பயிற்சித் தரத்தின்மீது விழுந்தது. பயிற்சியை நடத்தியவர்களில் ஒருவர் கீரன் மெக்கென்னா. அவரை 2021 டிசம்பரில் மூன்றாம் பிரிவில் இருந்த இப்ஸ்விச் டவுன் தலைமைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது; 2023-இல் ஒரு படி, 2024-இல் இன்னொரு படி என்று அடுத்தடுத்து உயர்ந்து அந்த அணி பிரீமியர் லீக்கை அடைந்தது. யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டிலிருந்து அவர் கிளம்பிய நாளில் அதற்காக வருந்தி இந்தப் பகுதிக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை.